மடியாத ஃபுத்தோன்

நெல்லித்தோப்பு மெத்தைக் கடையில் தைக்கிற வேலைக்கு நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே கடையில் ஏழெட்டு மாதம் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூரில் பனியன் தைத்தேன். கரூரில் தலையணை உறை தைத்தேன். நடுவில் சூரத் வரைக்கும் போய், நாலு மாதம் புடவைக்குக் கல் ஒட்டினேன். கடைசியில் இந்த ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு ஸ்பாஞ்சு மெத்தை யூனிட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் வந்த ஆறாம் மாதம் யூனிட்டை மூடிவிட்டார்கள். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போதுதான் இந்தக் கடையைப் பார்த்தேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாம். ஆலை மூடிய பிறகு பஞ்சை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பம்.

"யக்கா, கையால தைப்பியா?" என்று கேட்டார்.

"காலாலயும் தைப்பேன், மிஷின் குடுத்தா" என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அந்தக் கடைக்கு ஒரு நாள் காலையில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது அந்தப் பென்ஷனில் வாழ்கிறவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் அவர்களை சொல்தா என்பார்கள். நேரில் கூப்பிடும்போது முசியே. எழுபத்தைந்து வயதிருக்கும். மளிகைக் கடைக்குப் போவதானாலும் சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் போவார். கையில் ஒரு சின்னக் காகிதம் வைத்திருந்தார். அதை மேஜைமேல் வைத்து விரலால் நீவினார்.

"இது ஒண்ணு செய்யணும்."

நான் எழுத்துக் கூட்டி, "ஃபு... டன்" என்று படித்தேன்.

"ஃபுத்தோன்" என்று திருத்தினார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சாப்புடறதா முசியே? பேக்கரி அடுத்த தெருவுல இருக்கு."

"படுக்கறதுடா. சப்பான்காரங்க படுக்கறது."

கடைக்காரர் உடனே போனை எடுத்துத் தேடினார். முதலில் வந்ததெல்லாம் மரச்சட்டம் போட்ட சோபா. பின்பக்கத்தைச் சாய்த்தால் படுக்கையாகும் சோபா. பெரியவர் தலையை ஆட்டினார். "அது பாரீசுல ஒத்த ரூம் வூடு எல்லாத்துலயும் கெடக்கும். பேரு மட்டும்தான் அது. எனக்கு அசல் வேணும்." கொஞ்ச நேரம் தள்ளியபின் அசல் வந்தது. வீடியோவில் ஒரு பெண் பாய் விரித்த தரையில் மண்டி போட்டு, மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றை விரிக்கிறாள். மேலே போர்த்திக்கொள்ள இன்னொன்று. காலையில் எழுந்து கீழே போட்டதை மூன்றாக மடித்து, சுவரில் இருக்கும் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். அறையில் படுக்கை இருந்த அடையாளமே இல்லை.

"இதா?" என்றார் கடைக்காரர். "ஆஸ்பத்திரியில போடறதே இதவிட மொத்தமா இருக்குமே முசியே. இத மெத்தன்னு குடுத்தா நம்ம போர்ட கழட்டிடுவாங்க."

எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி மெத்தையைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும், கீழிருந்து பார்த்தவரைக்கும். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்குத் துணையாக இருந்தபோது வராந்தாவில் சிமெண்டுச் சாக்கைப் பிரித்துப் போட்டுப் பதினாறு நாள் படுத்தேன். அண்ணன் பிழைக்கவில்லை. பஸ்ஸில் புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பத்திடம் சாக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். தரையில் விரிப்பதும் காலையில் சுருட்டுவதும் எனக்குப் புதிதில்லை. அதற்கென்று ஒரு பேர், ஒரு அலமாரி, ஒரு கதவு என்று வைத்திருக்கிறார்களே என்றுதான் ஆச்சரியம்.

"யாருக்கு முசியே?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரே மகன், லியோனில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜப்பான்காரப் பெண்ணை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இவருக்கு அப்போது இடுப்பில் ஆபரேஷன், போக முடியவில்லை. மருமகளை போனில் பார்த்ததோடு சரி. இப்போது இருவரும் பத்து நாளைக்கு வருகிறார்கள்.

"வர்றாங்க, ஆனா பீச் பக்கம் ஓட்டல்ல ரூம் போட்டுட்டானாம். உனக்கு எதுக்கு சிரமம் பப்பான்றான். மூணு ரூம் வூடு. நான் ஒருத்தன். எனக்கு இன்னா சிரமம்? அவன் அம்மா இருந்திருந்தா ஓட்டல்னு வாயத் தொறந்திருப்பானா?"

அவரே தொடர்ந்தார். "ரெண்டு நாளா யோசன பண்ணி கண்டுபுடிச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கு நம்ம கட்டில்ல தூக்கம் வராது. தரையில படுத்த ஒடம்பு. அவன் அத எங்கிட்ட சொல்லக் கூச்சப்படறான். இத செஞ்சி, விரிச்சி, போட்டோ எடுத்து அனுப்பனா ஓட்டல கேன்சல் பண்ணிடுவாங்க."

மகனும் மருமகளும் தன் வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதை நேராகக் கேட்கத் தெரியாமல் எங்களிடம் மெத்தைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கடைக்காரர் சொன்னார்: "இத்தினி பேசறவரு, வூட்டுக்கு வாடான்னு ஒரு வார்த்த போன்ல சொல்லக் கூடாதா?" எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நானும் ஊர் ஊராகப் போனவள். வந்து இரு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று போனதும் உண்டு, சொல்வதற்குள் கிளம்பியதும் உண்டு.

துணி வெட்டினேன். ஆளுயர நீளம், மூன்றடி அகலம். எங்கள் கடையில் மெத்தை என்றால் இலவம் பஞ்சு. படுத்தால் அமுங்கும், வெயிலில் போட்டால் உப்பும். மூன்றாக மடிய வேண்டும் என்பதால் பஞ்சை அளந்து, ஒரே சீராகப் பரப்பி, விரல் நீளத்துக்குமேல் உயராதபடி அடைத்தோம். கடைக்காரருக்குக் கை வலித்தது, வேலையால் அல்ல, மனம் வராததால். "பாவம்க்கா அந்தப் பொண்ணு. எலும்பு தரைய தொடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாயைத் தைக்கிற நேரம்தான் தப்பு நடந்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண மெத்தை என்றால் கடைசித் தையலுக்கு முன்பு, அங்கே இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி பஞ்சை எடுத்து உள்ளே போடுவார்கள். படுக்கிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. அன்றைக்குக் கடைக்காரரின் மனைவி சோறு கொண்டுவந்தவள், "யாருக்கு?" என்று கேட்டாள். "முசியே வூட்டு மருமவளுக்கு" என்றார் அவர். போதாதா? அவள் ஒரு பிடி போட்டாள். பூக்காரம்மா எட்டிப் பார்த்து ஒரு பிடி போட்டாள். ஆட்டோக்காரர் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். எதிரில் செருப்புத் தைக்கிறவர், மீன் வாங்கிக்கொண்டு போன இரண்டு பேர், தெருவில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், எல்லோரும் போட்டார்கள். முசியே எல்லோருக்கும் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கிற மனுஷன். நானும் ஒரு பிடி போட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆள் நான்தான். கடைக்காரர் ஒன்பது பிடி போட்டார். எண்ணிப் பார்த்தேன்.

கோணி ஊசியால் வாயை மூடினபோது ஃபுத்தோன் பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள் மாதிரி இருந்தது.

பெரியவர் வீட்டுக்கு அதை ஆட்டோமேல் கட்டி எடுத்துப்போனோம். அவர் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, துடைத்து, காகிதம் விரித்து வைத்திருந்தார். தரையில் விரித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பிரமாதம்" என்றார். பிறகு வீடியோவில் பார்த்தபடி மண்டி போட்டு மடிக்கப் பார்த்தார். பட்டாளத்தில் முப்பது வருஷம் போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்த கை அது. ஒரு மடிப்பு வந்தது. இரண்டாவதை மடித்தால் முதலாவது எழுந்து நின்றது. அதை அழுத்தினால் இது எழுந்தது. கடைக்காரர் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் இன்னொரு பக்கம் உட்கார்ந்தேன். இறங்கியதும் ஃபுத்தோன் மெதுவாக, மரியாதையாக, பழையபடி நீட்டிப் படுத்துக்கொண்டது.

"ரெண்டு பேர் ஒக்காந்தும் மடியல. அந்தப் பொண்ணு ஒத்த ஆளா இத எப்படி மடிக்கும்?" என்றார் பெரியவர்.

"முசியே, மடிக்காம உட்டுட்டா இன்னா?" என்றார் கடைக்காரர்.

"அப்ப அது மெத்தடா! ஃபுத்தோன் இல்ல!"

அங்கேயே பிரித்தோம். வேறு வழியில்லை, அவர்கள் வர இரண்டு நாள்தான் இருந்தது. நான் தையலை அவிழ்க்க, கடைக்காரர் பஞ்சை வெளியே இழுக்க, பெரியவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. இலவம் பஞ்சுக்குக் காற்று கிடைத்தால் கேட்கவா வேண்டும்? மாதா சுரூபத்தின் தலையில், ராணுவ போட்டோமேல், ஊறவைத்த அரிசியில், எங்கள் மூன்று பேர் புருவத்தில். போட்டவர்கள் எத்தனை பிடி போட்டார்களோ அத்தனையும் வெளியே வந்தது. பிறகு பஞ்சு நகராமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து முடித்தேன். இந்த முறை மூன்றாக மடிந்தது. அலமாரிக்குள் போனது. கதவும் மூடிக்கொண்டது. பெரியவர் கதவைத் திறந்து திறந்து மூன்று தடவை சாத்திப் பார்த்தார்.

விரித்து போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

"கட்ட வெரல்னா வர்றாங்கன்னு அர்த்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"பாத்துட்டேன்னு அர்த்தம் முசியே."

அவர்கள் வந்து இறங்கி ஓட்டலுக்குத்தான் போனார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர் விடியற்காலையில் கடைக்காரருக்கு போன் போட்டு, ஃபுத்தோனில் பஞ்சு வாசனை வருகிறது, வந்து வெயிலில் போடச் சொல்லு என்று சொல்லியிருக்கிறார். நான் போய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அதைத் தொங்கப் போட்டுப் பிரம்பால் தட்டிக்கொண்டிருந்தேன். தூசி கிளம்பி அடங்கியதும் பார்த்தால் மாடிப்படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். காட்டன் சுடிதார், வெயிலுக்குத் தொப்பி. மருமகள். அவள் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

பின்னாலேயே மகன் வந்தான். நாற்பது வயது தாண்டியிருக்கும். முன்தலையில் முடி இல்லை. "நீங்க தட்ற சத்தம் அவங்க ஊர்ல கேக்கற சத்தம் மாதிரியே இருக்காம்" என்றான். வெயில் அடித்தால் அங்கே மாடி மாடியாக இப்படித்தான் தொங்கும், தட்டுவார்களாம். அவள் கை நீட்டினாள். பிரம்பைக் கொடுத்தேன். என்னைவிட நன்றாகத் தட்டினாள்.

நான் அரைகுறைப் படிப்பு. ஆனால் ஒரு சொல்லைக் கண்டால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விட மாட்டேன். மனிதர்களிடம் கேட்டால் கோபம் வரும், சொல்லிடம் கேட்கலாம். ஃபுத்தோன் என்றால் என்ன அர்த்தம் என்று மகனிடம் கேட்கச் சொன்னேன். அவள் என் காதில் செருகியிருந்த தையல் சாக்கட்டியை எடுத்து, மாடித்தரையில் குந்தி, கட்டம் கட்டமாக இரண்டு எழுத்து வரைந்தாள். பழைய நாளில் இப்படித்தான் எழுதுவார்களாம். முதல் எழுத்து ஒரு தண்ணீர்ச் செடி.

"நீட்டமா நிக்கும். உச்சியில பழுப்பா, மெழுவத்தி செருவின மாதிரி..." என்று மகன் தமிழில் தேடினான்.

"சம்பு" என்றேன். "ஊசுட்டேரி ஓரம் பூரா அதான்."

இரண்டாவது எழுத்து, உருண்டை. சம்பினால் முடைந்த உருண்டை. சீனாவில் சாமியார்கள் உட்கார்ந்து தியானம் செய்கிற இருக்கை அது. அவர்களோடு அது ஜப்பானுக்குப் போனது. அங்கே அப்போது பருத்தி கிடையாது. சனங்கள் வைக்கோலிலும் பாயிலும் படுத்து, உடுத்தின துணியையே போர்த்திக்கொண்டார்கள். பருத்தி வந்து பரவிய பிறகு பஞ்சு அடைத்த பையைச் செய்தார்கள். அதற்கு உட்காரும் உருண்டையின் பேரே ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் முதல் எழுத்தை மாற்றி, அதே சத்தம் வருகிற வேறொன்றை எழுதுகிறார்கள். அதற்குத் துணி என்று அர்த்தமாம். அதையும் பக்கத்தில் வரைந்து காட்டினாள்.

"சம்பு கழண்டுகிச்சி, துணி வந்து ஒக்காந்துகிச்சி" என்றேன். மகன் சொன்னதும் அவள் கை தட்டினாள்.

அப்புறம் அந்தப் பேர் பாரீசுக்குப் போய் மரச்சட்டத்தில் ஏறி சோபா ஆகிவிட்டது. சீனாவில் உட்காரக் கிளம்பி, ஜப்பானில் படுத்து, பிரான்சில் மறுபடி உட்கார்ந்துவிட்டது. ஊருக்கு ஊர் வேலை மாற்றுகிறவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். ஜப்பானுக்குப் பருத்தி விதையை முதலில் கொண்டுவந்தவன், கடலில் திசை தப்பிக் கரை ஒதுங்கிய ஒரு இந்தியாக்காரன் என்று அங்கே ஒரு பழங்கதை உண்டாம். அவனுக்கு அங்கே படுக்க என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

"இதுல யாரு படுப்பாங்க?" என்று அவள் கேட்டதாக மகன் சொன்னான்.

"நீங்கதாம்மா. உங்களுக்குத்தான் செஞ்சது."

அவள் கண்ணை அகல விரித்தாள். மகன் தர்மசங்கடமாகச் சிரித்தான். "எங்க வூட்ல கட்டில்தாங்க. இவ சின்ன வயசுல ஃபுத்தோன்ல படுத்தாளாம், அதோட சரி. இப்ப தரையில படுத்தா முதுகு புடிச்சிக்கும்."

மாடிப்படியில் பெரியவர் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. "கட்டிலா?" என்றார். "கட்டில் ரெண்டு இருக்கே எங்கிட்ட! பின்ன எதுக்குடா ஓட்டலு?"

மகன் தரையில் இருந்த எழுத்தைப் பார்த்தான். பெரியவர் மருமகளிடம் பிரெஞ்சிலேயே கேட்டார். அவள் மறைக்கத் தெரியாதவள். ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பது போல் ஊதினாள். எனக்கே புரிந்துவிட்டது.

"பப்பா, காலையில அஞ்சி மணி" என்றான் மகன். "ஞாயித்துக்கெழமகூட. விசில் அடிச்சி, போர்வய மடிச்சேனான்னு அளந்து பாப்ப. பதினெட்டு வருஷம். எனக்கு லீவு பத்து நாள்தான்."

"அது ஒழுக்கம்."

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு பப்பா."

நான் குறுக்கே புகுந்தேன். "முசியே, விசில எங்கிட்ட குடுத்துடுங்க. கடையில வெச்சிக்கறேன்."

"விசில் எப்பவோ தொலஞ்சி போச்சி. வாயாலதான் அடிக்கிறேன்."

"இப்ப யாருக்கு அடிக்கிறீங்க?"

"எனக்குத்தான்" என்றார். வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்?

மருமகள் என்னவென்று கேட்க, மகன் மெதுவாகச் சொன்னான். அவள் பெரியவரைப் பார்த்து எட்டு விரலை நீட்டினாள்.

"ஆறு" என்றார் பெரியவர்.

எட்டு விரல் அப்படியே இருந்தது.

"ஆறரை. சரி, ஏழு. அதுக்கு மேல தூங்கறவன் நோயாளி."

எட்டு விரல். அவர் என்னைப் பார்த்தார். நான் பிரம்பை எடுத்து ஃபுத்தோனைத் தட்ட ஆரம்பித்தேன். "நல்லா இரு" என்று என்னைத் திட்டினார். பிறகு மருமகளிடம் தலையை ஆட்டினார். பிறகு மகனிடம், தமிழில், "வூட்டுக்கு வந்துடுங்கடா" என்றார். சாயங்காலம் ஓட்டலில் இருந்து பெட்டிகள் ஆட்டோவில் வந்தன.

மறுநாள் ஆறே முக்காலுக்கு நான் டீக்கு அந்தத் தெரு வழியாகப் போனேன். பெரியவர் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டை, ஷேவ் செய்த முகம். பால்காரர் வண்டி ஹாரன் அடிக்க வந்ததும் எழுந்து, டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்போ எழுந்தீங்க?"

"அஞ்சிக்கு. உள்ள இருந்தா சத்தம் வந்துடும். சமையக்கட்டுல ஏனம் உருளுது, கதவு கத்துது, எனக்குக்கூட இருமல் வருது."

"யாரு எங்க படுத்தாங்க?"

"அவ கட்டில்ல. அவன் கீழ, உன்னுதுல. எட்டிப் பாத்தேன். வாயத் தொறந்துகிட்டு தூங்கறான். மணி இன்னா?"

"ஏழு ஆவல."

பெருமூச்சு விட்டார். ஏழு ஆனது. ஏழரை ஆனது, இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார். கோயில் மணி எட்டு அடித்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். காதை வைத்துக் கேட்டார். கையை இறக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் வராமல் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றார், ஏதோ நான் தட்டப் போனவள் மாதிரி.